டாப்பு எங்கேயும் போகமாட்டான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே என் வலது பக்கம் முழு நலம், இடது பக்கம் முக்கால் நலம், உன் அம்மா வழக்கம்போல் எங்கள் எல்லோரையும்விட நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போனில் பேசினால் பாதியில் எனக்கு நாக்கு குழறுகிறது, மீதிப் பாதியில் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன், பார்த்தாயா? அது அழகுக்கு இல்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோகிறது. கண் நன்றாகத்தான் இருக்கிறது, மூளைதான் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன் என்கிறது. தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் போடு என்பேன், உன் அம்மா தட்டைத் திருப்பி வைப்பாள். முகச்சவரம் பாதியோடு நின்றுபோகும். எழுத உட்கார்ந்தால் தாளின் நடுவில் ஆரம்பிப்பேன். அதற்குத்தான் இந்தக் கோடு, முதலில் கோட்டைத் தேடிப் பிடித்துவிட்டு அங்கிருந்து எழுத வேண்டும் என்று பிசியோதெரபிக்கு வரும் பெண் சொல்லிக்கொடுத்தாள். முப்பத்தோரு வருஷம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன், இடது கண்ணாடியைப் பார், இடது கண்ணாடியைப் பார் என்று தொண்டை வற்றக் கத்தியவன், எனக்கு இந்த நிலைமை. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், நான் சிரித்தாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தோழியின் பெரியப்பா வரும் சனிக்கிழமை வந்து நம் நாய் டாப்புவைத் தன் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார் என்று நீ ஏற்பாடு செய்திருப்பது எனக்குத் தெரியும். அப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்கம்மா, அன்னைக்குப் பாத்துக்கலாம் என்று உன் அம்மாவிடம் சொன்னாயே, அப்போது அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நான் அதே அறையில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இடது பக்கம் தெரிவதில்லை, உங்களுக்கு நானே தெரியவில்லை. கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். டாப்பு எங்கேயும் போகமாட்டான். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏன் என்பதை இனிமேல் சொல்கிறேன், அவசரப்படாமல் படி.

போன மாதம் நான் தெருவில் விழுந்தது உனக்குத் தெரியும், எப்படி விழுந்தேன் என்பது தெரியாது. நாய் இழுத்துத் தள்ளிவிட்டது என்று சொன்னவன் நான்தான், அது பாதி பொய். அன்று காலை உன் அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். ஐந்து மாதமாக வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து எனக்கு வெறுத்துப்போயிருந்தது. டாப்பு கதவடியில் நின்று என்னையும் தாழ்ப்பாளையும் மாறி மாறிப் பார்த்தான். பயிற்சி மைதானத்தில் நம் காருக்கடியில் குட்டியாகக் கிடந்த நாளிலிருந்தே அவன் டாப் கியரில்தான் ஓடுகிறான், அதனால்தானே அந்தப் பெயர் வைத்தோம். வலது கையில் ஊன்றுகோல் இருந்தது, இடது கை விரல்கள் சரியாக மூடவில்லை, அதனால் அவன் கயிற்றை இடது மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டேன். காலில் தேய்ந்த செருப்பு. போனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டேன். நாலாவது வீட்டு வாசலில், இடது பக்கம், ஒரு பூனை இருந்திருக்கிறது. எனக்கு அது இல்லவே இல்லை, அவனுக்கு இருந்தது. அவன் பாய்ந்தான், கை போனது, கையோடு சேர்ந்து நானும் போனேன். எதிர்வீட்டுத் தையல்காரர் ஓடிவந்து, முடிச்சை அவிழ்க்க முடியாமல் திரும்ப ஓடிப்போய்க் கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் வீட்டுக்கு வந்து நாய்மேல் பழியைப் போட்டேன். என்னிடம் படிக்க வந்த ஒருத்தர் இந்த லட்சணத்தில் வண்டியை எடுத்திருந்தால் அங்கேயே இறக்கிவிட்டிருப்பேன். தப்பு ஓட்டினவனுடையது, வண்டியுடையது இல்லை. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பொய்யை வைத்துக்கொண்டு உன்னோடு சண்டை போட முடியாது.

பிசியோ பெண்ணிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவளுக்கு உன்னைவிட நாலு வயது குறைவாக இருக்கும், என்னைத் திட்டிய திட்டில் என் பள்ளிக்கூட வாத்தியார் எல்லாம் பிச்சை வாங்க வேண்டும். கயித்தைக் கையில சுத்தவே கூடாது சார், பிடி நழுவினா நழுவட்டும், நீங்க நழுவக் கூடாது என்றாள். சரி, வழி சொல்லு என்றேன். நாயை மறந்துடுங்க என்றாள். அதைத் தவிர வேறு வழி சொல்லு என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து சொன்னாள். இப்போது நடப்பது இதுதான். காலையில் நான் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு வலது கையால் பந்தை எறிகிறேன், அவன் ஓடி ஓடி எடுத்து வருகிறான், இருபது நிமிஷத்தில் அவன் வேகம் மூன்றாவது கியருக்கு இறங்கிவிடும். குப்பை வண்டி போனபிறகுதான் வெளியே கிளம்புகிறோம், அந்த வண்டியைக் கண்டால் அவனுக்குச் சன்னதம் வந்துவிடும். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்போடு மாட்டுகிற பட்டை, கயிறு முன்பக்கம் மாட்டியிருப்பதால் அவன் இழுத்தால் அவனே திரும்பிவிடுகிறான். கயிறு ஒன்றல்ல, இரண்டு. கனமானது உன் அம்மா கையில், மெல்லியது என் இடது கையில், சுற்றாமல், முடிச்சில்லாமல், வெறும் விரல் பிடியில். நான் வலது ஓரம், அவள் இடது ஓரம், நடுவில் டாப்பு துரை. நம் பயிற்சிக் காரில் என் காலடியில் இன்னொரு பிரேக் இருந்ததே, அதே ஏற்பாடு, இப்போது அந்தப் பிரேக் உன் அம்மாவிடம். மழை பெய்த அன்று கிடையாது. காலில் ஒட்டுப் பட்டை வைத்த ஷூ, சட்டைப்பையில் போன்.

இத்தனைக்கும் பிறகும் உனக்கு நம்பிக்கை வராது என்று தெரியும், எனக்கே வரவில்லை. அதனால் பிசியோ பெண்ணிடம் எனக்கு ஒரு டெஸ்ட் வை என்றேன், வீட்டிலிருந்து மருந்துக்கடை வரை போய்த் திரும்ப வேண்டும், தேறாவிட்டால் நானே கயிற்றை அந்தப் பெரியப்பா கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அட்டையும் பேனாவுமாகப் பின்னால் நடந்து வந்தாள். முதல் தடவை ஃபெயில். தெருமுனையில் இடது பக்கம் வந்த சைக்கிளை நான் பார்க்கவே இல்லை. சைக்கிள்காரர் சொன்னதுதான் எனக்குத் தெரியும், அதை இங்கே எழுத முடியாது. ஒரு சைக்கிளுக்காகவா என்று வாதாடினேன், நீங்க எத்தனை பேரை இதுக்காக ஃபெயில் பண்ணியிருப்பீங்க சார் என்று கேட்டாள். அடுத்த பத்து நாள் தெருமுனை வந்தால் நின்று, தாடை இடது தோளைத் தொடும்வரை தலையைத் திருப்பிப் பழகினேன். டாப்பு அந்தப் பக்கம் நடப்பதால் திரும்பாமல் இருக்கவும் முடியாது, இருக்கிறானா என்று பார்க்க வேண்டுமே. போன செவ்வாய்க்கிழமை இரண்டாவது டெஸ்ட். திரும்பி வரும்போது ஒரு வீட்டுக் கேட்டுக்குள்ளிருந்து வேறொரு நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்தது, இவன் மூன்றாவது கியரை எல்லாம் மறந்துவிட்டான். கயிறு என் விரலிலிருந்து உருவிக்கொண்டு போனது. பிடிக்கத்தான் மனசு துடித்தது, பிடிக்கவில்லை. ஊன்றுகோலை ஊன்றி நின்றேன். உன் அம்மா அவனை இழுத்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், நான் நின்றுகொண்டே இருந்தேன். விட்டுட்டு நின்னீங்க பாருங்க, அதான் பாஸ் என்றாள் அந்தப் பெண். ஆனால் தனியாக ஒருநாளும் போகக் கூடாது என்று அட்டையில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். போட்டேன், மனதாரத்தான் போட்டேன்.

நீ உன் முதல் டெஸ்டுக்கு முந்தைய நாள் நம் கேட் தூணில் காரை இடித்தாய், மூன்று தடவை ஃபெயில் ஆனாய். நான் காரை விற்றேனா, உன் சாவியைப் பிடுங்கினேனா? ஷெட்டிலேயே நிறுத்தி வைத்தால் எந்த வண்டியிலும் கீறல் விழாது, அதற்காகவா வண்டி வாங்குகிறோம். நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தால் நான் விழமாட்டேன்தான், அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் என்னைப் பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். எனக்குப் பயமே இல்லை என்று நினைக்காதே. தினமும் ஷூவுக்குள் கால் நுழைக்கும்போது அந்தத் தார் ரோடு முகத்துக்கு நேராக வந்தது ஞாபகம் வருகிறது. ஆனாலும் போகிறேன், நாளைக்கும் போவேன். அவன் என் இடது பக்கத்தில் நடக்கிறவரை எனக்கு அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. முந்தாநாள் சாப்பிடும்போது தட்டை நானே திருப்பினேன். உன் அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

ஆகவே அந்தப் பெரியப்பாவுக்கு நீயே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடு. கூச்சமாக இருந்தால் விடு, சனிக்கிழமை வரட்டும், டீ கொடுத்து, நானே எழுந்து நின்று, கொடுக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்புகிறேன். என்மேல் உனக்குள்ள பாசம் எனக்குத் தெரியாதா அம்மாடி, தூரத்தில் இருந்தால் எல்லாமே பெரிதாகத்தான் தெரியும். இனிமேல் என்னைப் பற்றி எது பேசினாலும் என்னிடம் பேசு. மாப்பிள்ளையிடம் சொல்லி டயரில் காற்று பார்க்கச் சொல், நீ அதைச் செய்யமாட்டாய் என்று எனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு. இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்,
அப்பா

பின்குறிப்பு: உறைக்குள் போடுமுன் உன் அம்மா இதை வாங்கிப் படித்தாள். அந்தப் பெரியப்பாவுக்கு அவள் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம், இப்போதுதான் சொல்கிறாள். என்னைக் கேட்காமல் நீ எப்படி முடிவெடுக்கலாம் என்று கத்தினேன். கனமான கயித்தைப் பிடிக்கிறது யாரு என்று கேட்டாள்.