நூல் கோர்த்த ஊசி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

நான் அறை மாறிவிட்டேன். பயப்படாதே, வாடகை குறைவுதான். இரண்டு பழைய வீடுகளுக்கு நடுவே கிடந்த சின்ன மனையில் நாங்கள் அடுக்குமாடி கட்டுகிறோம் அல்லவா, அதற்குப் பக்கத்து வீடு. இந்த அறையில் ஒரு தையல்கார அக்கா இருந்தார். என் கிழிந்த சட்டைகளைச் சும்மாவே தைத்துக் கொடுப்பார். அவருடைய ஒரே ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளிச் சுவர் எழுப்பியது நான்தான்.

"நூல் பிடிச்ச மாதிரி கட்டுறியே தம்பி!" என்று ஜன்னல் வழியாக மெச்சினார். சுவர் ஜன்னலைத் தாண்டியதும் தையல் மெஷினுக்கு வெளிச்சம் போய்விட்டது.

"நீ கட்டலேன்னா வேற ஆளு கட்டப் போறான், விடு," என்று சொல்லிவிட்டு அறையைக் காலி செய்தார். இருட்டு அறையை யாரும் கேட்கவில்லை. நான் வெட்கமில்லாமல் சாவியை வாங்கிக்கொண்டேன்.

நீ தைப்பதாகச் சொன்ன ஜன்னல் திரை வேண்டாம் அம்மா. உன் மகன் கட்டிய சுவர் ஒரு பொட்டு வெயிலைக்கூட விடவில்லை. சட்டையில் இரண்டு பொத்தான் போய்விட்டது, ஊசியும் நூலும் அனுப்பு.

மேஸ்திரி கத்துகிறார், முடிக்கிறேன். நூலைக் கோர்த்தே அனுப்பு. இங்கே பட்டப்பகலிலும் ஊசிக்காது தெரியவில்லை.

உன் மகன்