கத்தரிக்குத் தப்பியது

மார்ச் 3

எங்கள் மஹல்லா ஊரில் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கம்பெனியில் நூறு சட்டைக்குத் துணி வெட்டினேன். வெட்டும்போதே கண் சொக்கியது. கல்லீரலுக்குள்ளும் யாரோ இப்படித்தான் வெட்டிக்கொண்டிருக்கிறார்களோ? அந்த ஊசி போட்டு மூன்று மாதம் ஆகிறது. "பதினோரு வருஷமா உங்க உடம்புல குடியிருக்கற காமாலை வைரஸோட மரபணு எழுத்தத் தேடிப் போய் வெட்டற கத்தரிம்மா இது" என்றார் டாக்டர் விசாம். கத்தரி என்றால் எனக்குத் தெரியும். அதனால்தான் சம்மதித்தேன்.

மார்ச் 9

ரத்தத்தில் வைரஸ் இல்லை. இல்லை! தாளை மூன்று முறை படித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் டீ கிளாஸில் அடையாளத்துக்குக் கட்டியிருந்த சிவப்பு நூலை அவிழ்த்தேன். கிளாஸால் இந்த நோய் ஒட்டாது என்று டாக்டர் தலைதலையாய் அடித்துக்கொண்டவர்தான். புருஷன் ஷெஹாத்தாவுக்குத் தடுப்பூசியும் போட்டாயிற்று. மனசு கேட்டால்தானே! அவருக்கும் எனக்கும் பதினோரு வருடமாகத் தனித்தனி கிளாஸ். இன்று அவர் குடித்த மிச்சத்தைக் குடித்தேன். "என் டீயத் திருடறதுக்குத்தான் கொணமானியா இன்ஷிராஹ்?" என்றார். சிரிக்கப் போய் அழுதேன்.

மார்ச் 10

குணமானால் கொடுப்பதாக நேர்ந்துகொண்டபடி மிச்ச மாத்திரையெல்லாம் — நாலு டப்பா — பள்ளிவாசல் மருந்துப் பெட்டியில் போட்டேன். இல்லாதவர்களுக்கு ஆகட்டும். ஊசிக்குப் பிறகும் ஆறு மாதம்வரை தினம் ஒன்று விழுங்க வேண்டும் என்பது டாக்டர் கணக்கு. வைரஸே இல்லாதபோது எதற்கு? நேர்ச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஏப்ரல் 2

மதியத் தூக்கத்தில் கனவு. வெள்ளைத் துணி ஆறாக ஓடுகிறது, துணி முழுக்க எழுத்து. வெட்டிக்கொண்டே போகிறேன். ஒரே ஒரு வரி மட்டும் கத்தரிக்குப் பிடிபடாமல் நழுவி நழுவிப் போகிறது. அழகாக வேறு இருந்தது அந்த வரி.

ஏப்ரல் 17

புதினா டீ. ஒரே கிளாஸ்.

மே 25

திரும்பி வந்துவிட்டது.

"ஒரு எழுத்து மாறியிருக்கும்மா. கத்தரி தேடற எடத்துலயே. இப்ப அதுக்கு இவன அடையாளம் தெரியல, விட்டுட்டுப் போயிடுது" என்றார் டாக்டர்.

மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த மாதிரி ஒண்ணு ரெண்டு முன்னாடியே ஒளிஞ்சிருந்திருக்கும். மாத்திரை அத அமுக்கி வெச்சிருந்துச்சு. நீங்க கதவத் தெறந்துட்டீங்க."

என் கையாலயா? புண்ணியம்னு நெனச்சுத்தானே போட்டேன் — ஆண்டவா, ஒரு வார்த்த கேட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

இரண்டு இடத்தில் வெட்டும் கத்தரி தயாராகிறதாம். ஒன்றில் தப்பினாலும் இன்னொன்றில் மாட்டும். எப்போது வரும் என்றதற்கு, "தெரியலம்மா" என்றார். அதுவரை மாத்திரை.

மே 26

பள்ளிவாசலில் மருந்துப் பெட்டியைக் கவனிக்கும் ஹாஜியிடம் போனேன். நான் வாய் திறப்பதற்குள், "ஒன் நாலு டப்பாவும் ஒரு மீன்காரம்மாவுக்குக் கெடச்சுதும்மா. தெனம் ஒனக்காக துஆ கேக்குது" என்றார். கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பி, மருந்துக்கடைக்குப் போனேன்.

மாலையில் என் கிளாஸில் மறுபடி நூலைக் கட்டினேன். ஷெஹாத்தா பார்த்தார்.

மே 28

வேலை விட்டு வந்து டீ போட்டேன். அலமாரியில் ஆறு கிளாஸ். ஆறிலும் சிவப்பு நூல், கோணல்மாணலாக, முடிச்சு மேல் முடிச்சு.

"இதுல என்னோடது எதுங்க?"

"எனக்கென்ன தெரியும்? நீதான துணிக்காரி, கண்டுபிடி" என்றார், செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல்.

மாத்திரையை விழுங்கினேன். கையில் அகப்பட்ட கிளாஸில் டீயை ஊற்றி, பாதி குடித்துவிட்டு, அவர் பக்கம் நகர்த்தினேன்.