சட்டையை எடுக்க மேடையேறியவள்

மேற்குத் தாம்பரம்,
9-1-1994, ஞாயிறு.

கர்த்தருக்குள் அன்பான மகன் எட்மண்டுக்கு உன் தகப்பன் எழுதுவது.

நானும் உன் தாயும் உயிரோடும், அன்றாட வேலைகளைச் செய்துகொள்ளும் அளவுக்கு உடல் வலிமையோடும் இருக்கிறோம், பூனாவில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் என்ற சொல்லை வழக்கமாக முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். இந்த முறை அதை எழுதும் உரிமை நம் மூவரில் யாருக்கும் இன்னும் வரவில்லை என்று கருதி விட்டுவிட்டேன். கிறிஸ்துமஸ் கழிந்தது. பாடற்குழுவினர் இருபத்துமூன்றாம் தேதி வந்தார்கள், உன் தாய் கேக் தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போனாள், வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டில் வைத்த தகடு குளிர் நாட்களில் இழுக்கிறது என்கிறாள். கரும்பலகையில் எழுத முடியாததால் பள்ளியில் அவளை நூலக அறைக்கு மாற்றிவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்கு அகரம் எழுதிக் காட்டியவள் இப்போது புத்தகங்களைத் தூசி தட்டுகிறாள். இதை உனக்கு எழுத வேண்டாம் என்று சொன்னாள். எழுதிவிட்டேன்.

சென்ற மே மாதம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பின்புறக் கல்யாண மண்டபத்தில் உங்கள் புதுவிசை மனித ஆற்றல் மையத்தின் நான்கு நாள் பயிற்சி முடிந்த மாலையில் நீ அங்கே இருந்தாய், நான் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். ஆகவே உனக்குத் தெரிந்ததை நான் உனக்கு எழுதுவது விசித்திரமாகப் படலாம். ஆனால் நான் தொடுத்த வழக்கில் மையம் கொடுத்த பதிலுரையோடு இணைத்திருக்கும், நீ கையெழுத்திட்ட வாக்குமூலத்தைப் படித்த பிறகு, நீ அங்கே இருந்தாயா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. பார்வையாளராக வந்த பெண்மணி அனுமதியின்றி மேடை ஏறினார், விரிப்பில் கால் தடுக்கி விழுந்தார், பயிற்சியாளர் தோத்தாத்ரி உடனே முதலுதவி செய்தார் என்று அதில் இருக்கிறது. பெண்மணி என்ற சொல்லை நான் பலமுறை படித்தேன். அவளுக்கு ஜெயசீலி என்று ஒரு பெயர் உண்டு, உன்னைப் பொறுத்தவரை அதைவிடச் சிறிய பெயர் ஒன்றும் உண்டு.

நடந்தது இது. சபைச் செயலாளர் லாசரஸ் ஆராதனை முடிவில் வாலிபருக்கான ஆளுமைப் பயிற்சி என்று அறிவித்ததால் உன் தாய் அதை ஏதோ எழுப்புதல் கூட்டம் என்றே எண்ணியிருந்தாள். உறவினரை அழைக்கும் கடைசி மாலைக்கு வேதாகமத்தை எடுத்துக்கொண்டு, முக்காடிட்டுக்கொண்டு, லாசரஸின் மனைவி மெட்டில்டாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். உள்ளே ஜனங்கள் அழுகிறார்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்கிறார்கள், மேடையேறித் தங்கள் கதையைக் கதறிச் சொல்கிறார்கள். நம் கூட்டங்களில் அவள் வருஷந்தோறும் காண்பவைதான் இவை. நீ மேடைக்கு வந்து அழத் தொடங்கியதும், என் பிள்ளை மனந்திரும்பிவிட்டான் என்று எண்ணி ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று உரக்கச் சொல்லிக் கைதட்டியிருக்கிறாள். நீ என்ன சொல்கிறாய் என்பது அவள் காதில் ஏறச் சற்று நேரம் ஆயிற்று. கணக்கில் மதிப்பெண் குறைந்ததற்காக ஏழு வயதில் உன்னை ஓர் இருட்டறையில் போட்டு இரவெல்லாம் தாழிட்டு வைத்தேன் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். அப்போதுதான் நாற்காலியில் நிறுத்தியிருந்த திண்டை அவள் பார்த்தாள். அதற்கு என் வெள்ளை அரைக்கைச் சட்டை மாட்டிப் பொத்தானெல்லாம் போட்டிருந்தது. நான் மூன்று நாளாக வீட்டில் தேடிக்கொண்டிருந்த சட்டை அது. உன் கையில் ஒரு கிரிக்கெட் ஸ்டம்ப்பைக் கொடுத்திருந்தார்கள். நீ அடித்தாய். தோளில், கழுத்தில், மனிதனுக்கு வயிறு இருக்கும் இடத்தில். உன் தாய் உன்னைத் தடுக்க மேடையேறவில்லை, எட்மண்ட். சட்டை கிழியும் என்று, சட்டையை எடுக்க ஏறினாள். அன்று காலை வரை நம் வீட்டில் நடந்திருந்த மிகப் பெரிய சேதம் ஒரு சட்டை கிழிவதாகத்தான் இருக்க முடியும் என்று அவள் நம்பினாள்.

மெட்டில்டா சொன்னதை அவள் வாய்மொழியிலேயே தருகிறேன், ஏனென்றால் என் மொழியில் எழுதினால் அது சாந்தமாகிவிடும். மொத அடி தெரியாம பட்டுச்சி சார், அத்த நான் பைபிள் மேல கை வச்சி சொல்றேன், தம்பி அய்யோம்மான்னு ஸ்டம்ப கீழ போட்டுட்டான், அந்தத் தோத்தாத்ரிதான் அத்த எடுத்து திரும்ப அவன் கைல சொருவுனான், இது உங்கம்மா இல்ல, உன் பயம், உடைன்னான், கீழ குந்திகினு இருந்த அத்தினி பேரும் உடை உடைன்னு கத்திகினு கை தட்டறாங்க, இன்னா ஜனம் சார் இதுங்கோ, அவன் கண்ண மூடிக்கினு அடிச்சான், ரெண்டாவது அடில எலும்பு சத்தம் எனக்குக் கேட்டுச்சி, முறுக்கு ஒடைக்கிறாப்ல. கதவைத் திறக்கச் சொல்லி மெட்டில்டா தட்டியபோது, நிறைவுப் பாட்டு முடியட்டும் என்று வாசலில் நின்ற தொண்டன் சொன்னானாம். உன் தாய் அந்தப் பாட்டு முடியும் வரை மேடைப் படியில் உட்கார்ந்திருந்தாள், சட்டையை மடியில் வைத்துக்கொண்டு.

மருத்துவரிடம் தண்ணீர்த் தொட்டியருகே வழுக்கி விழுந்ததாகச் சொன்னவளும் அவள்தான். ஐந்தாம் நாள் தோத்தாத்ரி வீட்டுக்கு வந்து, நான் விடைத்தாள் முகாமில் இருந்த நேரத்தில், உன்னைப் பெட்டியோடு அழைத்துப் போய்விட்டார். மறுநாள் நான் பல்லாவரத்தில் அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். குளிர்ந்த அறை, சுவரில் சூரியோதயப் படம். நான் சொன்னதையெல்லாம் தலையசைத்துக் கேட்டுவிட்டு, சார், உங்க கோபம்கூட ஒரு நல்ல ஆரம்பம்தான், எவ்வளவு வருஷமா உள்ள வச்சிருக்கீங்க, அடுத்த பேட்ச்ல வந்து உட்காருங்க, உங்க பையனுக்கு அதைவிட பெரிய கிஃப்ட் இல்ல என்றார். அவர் மேசையில் காகிதங்களின் மேல் ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அரைக் கிலோ இருக்கும். பேசும்போது அவர் மேல் வரிசைப் பற்கள் முழுவதும் தெரிகின்றன. மேசையின் அகலம் என் கை எட்டும் தூரம்தான். இயற்பியல் கற்பிப்பவனுக்கு இந்தக் கணக்கு முடிய ஒரு நொடிகூட ஆகாது. முன் பற்கள் தொண்டைக்குள் போகும், உதடு மூக்கு வரை பிளக்கும், அந்தச் சிரிப்பு மறுபடி எந்த மேடையிலும் ஏறாது என்பது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. பிறகு குண்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். பயத்தினால் அல்ல, கருணையினாலும் அல்ல. நான் அடித்திருந்தால் அவர் அதையும் தம் பயிற்சியின் வெற்றி என்று அடுத்த பேட்ச்சில் சொல்லியிருப்பார். இன்றும் வகுப்பில் கரும்பலகையின் பக்கம் திரும்பும்போது சில நாட்களில் அந்தக் கண்ணாடியின் எடை என் உள்ளங்கையில் இருக்கிறது.

அதனால்தான் செங்கல்பட்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போனேன். என் நண்பர்கள் சிரித்தார்கள், மிக்ஸி வேலை செய்யவில்லை என்று போகும் இடத்துக்கு இதையா கொண்டுபோகிறாய் என்றார்கள். மிக்ஸி உடைந்தால் கேட்க இடம் இருக்கிறது, மணிக்கட்டு உடைந்தால் கேட்க இடம் இல்லையா என்று கேட்டேன். காவல் நிலையத்துக்கு நான் போகாததன் காரணம் உனக்குத் தெரியும். அங்கே முதல் பெயராக உன் பெயரை எழுதுவார்கள். டிசம்பரில் முதல் விசாரணை. அவர்களுடைய வழக்கறிஞர் ராஜகோபால் நல்ல பேச்சுக்காரர். ப்ரொஃபசர் சார், ஃபெயிலான பையன் வாத்தியார் மேல கேஸ் போட்டா எனக்குப் புரியுது, பாஸான பையனோட அப்பா போட்டா எப்படி என்றார். மன்றத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய வாதம் எளிமையானது. கட்டணம் செலுத்தியவன் நீ, சேவை பெற்றவன் நீ, உனக்குக் குறை இல்லை. உன் தாய் அழைப்பின் பேரில் வந்த விருந்தாளி, நானோ அங்கே இல்லாதவன். அந்த அறையில் எனக்கும் உன் தாய்க்கும் பெயரே இல்லை என்று ஆகிவிட்டது. மன்றத் தலைவர் மட்டும் காகிதங்களைப் புரட்டிவிட்டு, உங்க மகனை நேர்ல கூட்டிட்டு வாங்க, அவர் வாயால கேட்டுட்டு முடிவு பண்றோம் என்றார். மெட்டில்டாவைக் கூப்பிடலாமே என்று நீ நினைக்கலாம். எங்க வூட்டுக்காரர் வேணாங்கறாரு சார், அவருதான சபைல சொன்னது, நாளைக்கு எல்லாரும் அவர கேப்பாங்க என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன் தாயைக் கூப்பிட்டால் விரிப்பு தடுக்கியது என்று சொல்வாளாம். இது ஜெயிலுக்கு அனுப்பும் இடம் இல்லை என்று எவ்வளவோ விளக்கினேன். ஒரு எழுத்து எங்கெங்க போகும்னு உங்களுக்குத் தெரியாதுங்க, எம் புள்ள பேர நான் சொல்ல மாட்டேன் என்கிறாள். ஆக, என் வழக்குக்கு எதிரான முதல் சாட்சி என் மனைவி, இரண்டாவது சாட்சி என் மகன்.

இனி இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். அந்த இருட்டறையைப் பற்றி நான் பல மாதம் யோசித்தேன். மறந்துவிட்டேனோ என்று கிறிஸ்துமஸ் அன்று சாப்பிடும்போது உன் தாயிடமே கேட்டேன். எந்த ரூம்ங்க, அப்ப இருந்த சேலையூர் வீட்ல நமக்கு ஒரே ரூம்தானே, சமையக்கட்டுக்கே கதவு கிடையாது, சாக்குத் திரைதானே தொங்கும் என்றாள். பிறகு சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, இத்தனை மாதம் மறைத்து வைத்திருந்ததைச் சொன்னாள். அன்று ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போகும் வழியில் நீ அவள் மடியில் முகம் புதைத்துக்கொண்டு, எல்லாரும் ஒண்ணு சொன்னாங்கம்மா, எனக்கு எதுவும் இல்லன்னா பொய் சொல்றேன்னாங்க, சொல்லாதவன பாத்ரூமுக்குக்கூட விடல, மூணாவது நாள் தாங்க முடியல, எதையோ சொல்லிட்டேம்மா என்றாயாம். அப்படியென்றால் உனக்குத் தெரியும். தாழிட அறையே இல்லாத வீட்டில் உன்னைத் தாழிட்டேன் என்று சொன்னது, சிறுநீர் கழிக்க வெளியே விடுவதற்காக நீ கொடுத்த விலை என்பது உனக்குத் தெரியும். தாழிட்ட அறை ஒன்று உண்மையாகவே இருந்தது, அது அந்த மண்டபம். அங்கே சொன்ன பொய்யை அவர்கள் மறுநாள் என் சட்டையில் மாட்டினார்கள், அதற்கு அடுத்த வாரம் அதையே உனக்கு நினைவாக்கிக் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் வரை என் மகன் என்னை வெறுக்கிறான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. என் கோபம் குறையவில்லை. ஆனால் அதற்கு இப்போது சரியான முகவரி கிடைத்துவிட்டது.

பிப்ரவரி ஏழாம் தேதி திங்கட்கிழமை அடுத்த விசாரணை. உன்னிடம் மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை, வீட்டுக்குத் திரும்பி வா என்றும் கேட்கவில்லை. செங்கல்பட்டுக்கு வந்து மூன்று விஷயங்களைச் சொல். கதவு பூட்டியிருந்தது. நான் சொன்னது நடக்காதது. என் கையில் ஸ்டம்ப்பை இரண்டாம் முறை வைத்தவர் இன்னார். இதைச் சொன்னால் உனக்கு ஒரு தீங்கும் வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பென்ஷன் வரை அடகு வைத்து நல்ல வழக்கறிஞர் பிடிப்பேன். சொல்லாவிட்டால் வழக்கு அன்றே தள்ளுபடியாகும், அவர்கள் அந்தத் தீர்ப்பைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வரவேற்பறையில் மாட்டுவார்கள், அடுத்த மாதம் வேறொரு தாய் முக்காடிட்டுக்கொண்டு வந்து கைதட்டுவாள்.

பூனாவில் இந்த மாதம் குளிர் அதிகமாம், நீல ஸ்வெட்டரை இரவில் போட்டுக்கொள். உன் தாய் பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள், கொண்டுவர ஆள் கிடைக்கவில்லை. சாப்பாட்டு நேரம் தவறாதே. மையத்தின் பூனாக் கூட்டங்களில் கதவருகே நிற்கும் பொறுப்புக்கு உன்னை உயர்த்தியிருப்பதாகத் தீபாவளிக் கார்டில் எழுதியிருந்தாய். ஒரு சிறு அறிவுரை. யாராவது வெளியே போக வேண்டும் என்று கேட்டால், காரணம் கேட்காமல் கதவைத் திற. அவர்கள் அதற்காக உன்னை அடித்தால் திருப்பி அடி. உனக்கு அடிக்கத் தெரியும். இதுவரை தவறான ஆளை அடித்திருக்கிறாய், அவ்வளவுதான்.

ஒவ்வொரு இரவும் குடும்ப ஜெபத்தில் உன் தாய் முதலில் உன் பெயரைச் சொல்லி, கர்த்தர் என் பிள்ளையின் போக்கையும் வரத்தையும் காப்பாராக என்று வேண்டுகிறாள். இந்த எட்டு மாதத்தில் ஒரு நாளும் அதற்கு ஆமென் சொல்ல நான் தவறவில்லை. அதையே என் ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்.

மறந்துவிடாதே, ஏழாம் தேதி காலை பத்தரை மணி. மண்டபத்திலிருந்து வந்த சட்டையை உன் தாய் ரத்தக் கறை போகும்வரை ஒரு கையால் துவைத்து, ஒரு கையாலேயே இஸ்திரி போட்டு, என் மற்ற சட்டைகளோடு அடுக்கி வைத்திருக்கிறாள். இதுவரை நான் அதை அணியவில்லை. அன்று அதை அணிந்துகொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே வந்ததும் என்னைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிராது.

உன் தகப்பன்,
ஞா. அசரியா