நண்டுச்சாறும் எட்டுப் பெயர்களும்

வைகாசி 14, வெள்ளி. பழவேற்காடு.

சாவகத் தீவின் பத்தாவிக்குப் போன கப்பல் புயலில் மூழ்கிவிட்டதாகக் காலையில் ஒல்லாந்தர் கோட்டைக்குச் செய்தி வந்தது. அவர்கள் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி நான் என்பதால், இறந்துபோன எங்கள் ஊர் மாலுமிகள் எட்டுப் பேரின் பெயர்களையும் நான்தான் தமிழில் எழுதினேன். நாலாவது பெயர் மாரி. என் தங்கை பொன்னியின் புருஷன். நாளைக் காலை கோட்டை வாசலில் நின்று அந்தப் பெயர்களை நானே உரக்க வாசிக்க வேண்டும்.

அதற்கு முன் அவளிடம் சொல்லிவிடலாம் என்றுதான் சாயங்காலம் வீட்டுக்கு ஓடினேன். ஏழு மாத வயிற்றோடு அடுப்படியில் உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். அவன் கப்பலேறிய நாளிலிருந்து சோறே இறங்காமல் கிடந்தவள்.

"அண்ணே, ஏரில எறங்கி நானே கையால புடிச்சேன். இன்னிக்கு வாய்க்கு நண்டுதான் கேக்குது. உக்காரு, சூடா குடி."

நான் வாயைத் திறப்பதற்குள் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டாள். மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட சாறு. பாவி, எனக்கு ருசித்தது. இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேன். நண்டுக்காலை அவள் உறிஞ்சியபோது சாறு மூக்கில் தெறித்தது. சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

"அவரு வந்ததும் இதே மாதிரி செஞ்சி தரணும்னு நெனச்சிகினே இருந்தேண்ணே."

"செய்யி," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வயிறு நிறைந்து, பல மாதங்களுக்குப் பிறகு இன்றுதான் நன்றாகத் தூங்குகிறாள். விடிவதற்குள் எழுப்பியாக வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும்.