வேட்பாளருக்குப் பிரசவ வலி

மார்ச் 4, வெள்ளி

இன்றும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. மாமரத்தடியில் ஆரஞ்சுக் கட்சி வேட்பாளர் ஃபாத்தியின் கூட்டம். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று அவரே சொன்னார். ஆண்கள் உரம் கேட்டார்கள், ரோடு கேட்டார்கள், பந்து விளையாடும் திடலுக்கு வேலி கேட்டார்கள். எங்கள் சுகாதார நிலையத்து மருத்துவச்சி மாற்றலாகிப் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, கதவில் பூட்டுதான் தொங்குகிறது. அதை ஒருத்தரும் கேட்கவில்லை. என் கணவர் அன்ஸுமானா - அந்தக் கட்சிக்கு நாற்காலி போடுவது முதல் தோரணம் கட்டுவது வரை எல்லாம் அவர்தான் - கேளு என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். எழுந்தேன். "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று வேட்பாளரைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நர்சரியில் அத்தனை பிள்ளைகளை அதட்டுகிற வாய் இது!

அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு, கழுதை வண்டியில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் நான். இப்போது மறுபடி மூன்றாம் மாதம். அவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் இதுவும் போய்விடுமோ என்று பயம். யாருக்காகக் கேட்க எழுந்தேன், என்ன கேட்டேன்? ச்சே.

மார்ச் 6, ஞாயிறு

ஜொன்சாபா அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். கன்யெலெங் கூட்டத்தின் தலைவி அவள். பிள்ளை தங்காத பெண்கள் சேர்ந்து ஆடுகிற கூட்டம் அது. ஆம்பிளை உடுப்பில், தண்ணீர்க் கேனைத் தட்டிக்கொண்டு, எவ்வளவு பெரிய ஆளையும் கிண்டலடிக்கலாம். கோபித்துக்கொண்டால் அவனுக்குத்தான் அவமானம்.

"கேட்டியேடி ஒரு கேள்வி, ஊரே இன்னும் சிரிக்குது. பேசாம எங்ககூட வந்துடு."

"எனக்கு வெக்கமா இருக்கும் அக்கா."

"அத வீட்டுலயே வெச்சிட்டு வா. யாரும் திருட மாட்டாங்க."

பழைய பெயர் கூடாதாம். எனக்குக் குப்பைமேடு என்று பெயர் வைத்தார்கள். குப்பைமேட்டைச் சாவுகூடத் திரும்பிப் பார்க்காதாம். திடா டீச்சர் இனிமேல் குப்பைமேடு. எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

மார்ச் 9, புதன்

அவருடைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன். பட்டன் சேரவில்லை, கயிற்றால் கட்டிக்கொண்டேன். நல்லவேளை, ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பி வந்தால் அவர் துண்டோடு நிற்கிறார். "மீட்டிங்குக்கு நேரமாச்சு. என் பேன்ட்ட பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.

மார்ச் 13, ஞாயிறு

வாக்களிப்பது எப்படி என்று ஊருக்கு நடித்துக் காட்டினோம். எங்கள் நாட்டில் ஓட்டுச் சீட்டு கிடையாது, கட்சி நிறம் பூசிய டிரம்முக்குள் கோலிக்குண்டைப் போட்டால் மணி அடிக்க வேண்டும். நான் குண்டை மாத்திரை என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும் கிழவன். கைதட்டல். எனக்கு!

மார்ச் 19, சனி

எங்கிருந்து தொடங்குவது? சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

ஃபாத்தியின் பெரிய கூட்டம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கேன் சத்தத்தோடு நுழைந்தோம். ஜொன்சாபா நேரே மேடை ஏறி அவருடைய வெள்ளை அங்கிக்குள் ஒரு பெரிய சுரைக்குடுக்கையைச் சொருகிவிட்டாள். "அடப் பாவமே, இவனுக்கு மாசம் நெறஞ்சு போச்சு. கழுதைய பூட்டுங்கடி." கோபிக்க முடியாதே, மனுஷன் இளித்துக்கொண்டே வண்டியில் படுத்தார். ஒரு பள்ளம் விடாமல் ஓட்டினோம். ஊரே பின்னால் வந்தது.

"மூச்ச இழுத்து விடுய்யா, இன்னும் தூரம் இருக்கு."

"மெதுவாம்மா, என் இடுப்பு…" இது நடிப்பில்லை.

சுகாதார நிலைய வாசலில் இறக்கினோம். தட்டச் சொன்னோம். தட்டினார். பூட்டு ஆடியது. ஆண்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், பெண்கள் நிறுத்திவிட்டார்கள். அப்போது யாரோ பேசுவது கேட்டது. பேசியது நான்தான்.

"ரெண்டு தடவ நான் இதே வண்டியில வந்தேன். ரெண்டு தடவயும் இதே பூட்டு. மருத்துவச்சி எங்க?"

ஃபாத்தி குடுக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "மேல பேசறேன்," என்றார்.

"மேலன்னா அல்லாகிட்டயா, அமைச்சர்கிட்டயா?"

இதையும் கேட்டது நானேதான். நானா? நான்தான்.

மார்ச் 20, ஞாயிறு

அன்ஸுமானாவுக்கு என்மேல் கோபம். கன்யெலெங் மேல் கோபப்படக் கூடாது, பெண்டாட்டி மேல் படலாமாம்.

மார்ச் 24, வியாழன்

கழுதை வண்டி வீடியோ தலைநகர் வரை போய்விட்டது. ஃபாத்தியின் செல்வாக்கு ஏறிவிட்டதாம், பிரசவ வலி பட்ட ஒரே ஆம்பிளை என்று. ஊதாக் கட்சி வேட்பாளர் துரேயின் ஆள் மூச்சிரைக்க வந்தான். "எங்க ஐயாவுக்கு எப்ப பிரசவம்?"

"வலி எடுத்தா வரச் சொல்லு," என்றாள் ஜொன்சாபா. இதைக் கேட்டு அன்ஸுமானாவே சிரித்துவிட்டார். அப்பாடா.

மார்ச் 27, ஞாயிறு

துரேவுக்கும் ஆயிற்று. முதுகுக்குத் தலையணை கொண்டுவந்திருந்தார். அதைப் பிடுங்கிக்கொண்டுதான் வண்டியை ஓட்டினோம். அவரும் அதே கதவைத் தட்டினார், அவரும் மேலே பேசுகிறாராம். ஃபாத்தி இன்னொரு தடவை வண்டியில் படுக்கத் தயார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"மொத பிரசவத்துக்கே ஆள் வரல, அதுக்குள்ள ரெண்டாவதா?" என்றாள் ஜொன்சாபா.

ஏப்ரல் 6, புதன்

மருத்துவச்சி வந்துவிட்டாள்! பெயர் பிந்தா மான்ஜாங். பூட்டு துருப்பிடித்துப் போனதால் உடைத்துத்தான் திறந்தார்கள். ஒரு பக்கம் ஆரஞ்சுக்காரர்கள், ஒரு பக்கம் ஊதாக்காரர்கள், எங்களால்தான் வந்தாள் என்று இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவள் பெட்டியைக் கீழே வைக்க இடமில்லாமல் நின்றாள். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏப்ரல் 9, சனி

குண்டு போட்டேன், மணி அடித்தது. எந்த டிரம் என்று இங்கேகூட எழுத மாட்டேன். இந்த நோட்டு அவர் கண்ணில் பட்டால் வம்பு.

ஏப்ரல் 11, திங்கள்

ஃபாத்தி தோற்றார். துரே ஜெயித்தார். தோற்றவருக்கு இனி எங்கள் ஊர் எதற்கு? ஜெயித்தவருக்கும்தான் எதற்கு? ஒரு ஜீப் வந்தால் போதும், பிந்தா போய்விடுவாள். மத்தியானத்திலிருந்து இதே நினைப்பு.

ஏப்ரல் 12, செவ்வாய்

காலையில் போனால் சுகாதார நிலைய வாசலில் எனக்கு முன்னாலேயே பாதி ஊர்ப் பெண்கள். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பிந்தா இருக்கிறாளா ஓடிவிட்டாளா என்று பார்க்க வந்தவர்கள். எதிர்ச் சுவரில் அன்ஸுமானா ஏணி போட்டு, வாடிய முகத்தோடு ஆரஞ்சுத் தோரணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. பிந்தா பல்குச்சியும் கையுமாக வந்தாள்.

"தெனமும் இப்படித்தான் காவல் நிப்பீங்களா? நான் எங்கயும் போகல. நோயாளி இருந்தா உள்ள வாங்க, இல்லேன்னா வழிய விடுங்க."

ஒருத்தியும் நகரவில்லை. நான் முன்னால் போனேன்.

"உனக்கு என்ன?"

"நாலு மாசம்," என்றேன், எதிர்ச் சுவர் வரைக்கும் கேட்கும்படி.

ஏணி விழுகிற சத்தம் கேட்டது. பிந்தா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. "உள்ள வந்து படு," என்றாள்.