சீட்டு ஒட்டாத பார்சல்

ஐப்பசி 18, செவ்வாய். தூறல்.

பேனா நன்றாக ஓடுகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். ஆனாலும் என் கை எழுதியது! முதியோர் வகுப்பில் ஏழு மாதம். வீட்டில் யாருக்கும் தெரியாது; எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும் என்று அவர்கள் நினைப்பு. இருக்கட்டும்.

பேத்தி தியாவை மறுபடி ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஒன்றரை வயது. இன்னும் உட்காரவில்லை. விரல்கள் விறைப்பு, ஈறு தடிப்பு. டாக்டரம்மா விளக்கினார்: உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கழிவைக் கரைக்கும் அறை ஒன்று உண்டாம். லைசோசோம். (மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.) கரைக்கும் புரதங்களை வேறு இடத்தில் செய்து, சர்க்கரைச் சீட்டு ஒட்டி, அங்கே அனுப்ப வேண்டும். தியாவுக்குச் சீட்டு ஒட்ட ஆள் இல்லை. சரக்கு செல்லுக்கு வெளியே போகிறது. அறையில் குப்பை.

போத்தனூர் ரயில் நிலையத்தில் முப்பது வருடம் பார்சல் தூக்கியவன். புரியாதா?

"அந்தச் சரக்கு ரத்தத்துல நெம்பக் கெடக்குதுங்களே, திரும்ப உள்ள போகாதுங்களா?" என்று கேட்டேன்.

"சீட்டு இல்லீங்கய்யா. கதவு எடுத்துக்காது," என்றார் டாக்டரம்மா.

மருந்தும் இல்லையாம். யாரைத் திட்டுவது?

வெள்ளி. பல்வலி.

தியாவின் அப்பா அம்மாவுக்குப் போன மாதம் எடுத்த ரத்தச் சோதனையின் முடிவு. வாங்க மகன் செந்தில் மட்டும் போனான். வந்து, கோளாறு அவன் மனைவி கவிதாவிடம்தான் என்றான். என் மனைவி பிடித்துக்கொண்டாள்: "உன்ற வயித்துக் கோளாறு அம்மணி. எம்பையன் வாழ்க்கை போச்சு." மருமகள் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டினாள். ஞாயிறு தாயையும் பிள்ளையையும் தாராபுரத்துக்கு, அவள் அப்பா வீட்டுக்கு அனுப்புகிறார்கள். திரும்பக் கூப்பிடும் பேச்சே இல்லை.

சனி.

துவைக்கப் போட்ட செந்தில் சட்டைப் பையில் ஆஸ்பத்திரித் தாள் ஒன்று. தமிழில். எழுத்துக் கூட்டி நான்கு முறை படித்தேன். "குறைபாடு தாய், தந்தை இருவரிடமும் உள்ளது."

பாவிப் பயல். வகுப்புப் புத்தகம் தவிர நான் முழுதாகப் படித்த முதல் தாள். சந்தோஷப்படக்கூட விடவில்லை.

ஞாயிறு. நல்ல வெயில்.

கவிதாவின் அப்பா காருடன் வாசலில். செந்திலிடம் தாளை நீட்டினேன்.

"படிடா."

"உங்களுக்கு எதுக்குங்கப்பா அதெல்லாம்?"

"படி கண்ணு, சம்பந்தியும் கேக்கட்டும்," என்றாள் மனைவி.

படித்தான். "குறைபாடு தாயிடம் உள்ளது."

வரியில் விரலை வைத்தேன். "'தந்தை இருவரிடமும்'னு இருக்குது. அத ஏன் உட்டுப்போட்டே?"

மனைவி தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மறுக்காப் படி."

என் விரல் நகர்ந்த வேகத்துக்குப் படித்தான்.

கவிதா பையைக் கீழே வைத்தாள். "இன்னொருக்காப் படிக்கச் சொல்லுங்க மாமா. சத்தமா."