கிள்ளினால் தழைக்கும்

சின்னக்கானல்,
புதன்கிழமை.

அன்பு மகன் பிரதீப்புக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று முதல் வரி எழுத வேண்டும். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்துவிட்டேன். அதனால்தான் தாளின் மேல்பக்கம் இப்படி இருக்கிறது. அப்பாவுக்கு முட்டுவலி தவிர வேறு குறை இல்லை, பாக்டரிக்குப் போயிருக்கிறார். மேல் காட்டில் ஆனை நிற்கிறது என்று, கொழுந்து கிள்ளப் போன எங்களை இன்று பாதி வழியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் நான் மட்டும்தான். இந்த நேரத்தை விட்டால் எழுத முடியாது.

போன் பண்ணியிருக்கலாமே என்பாய். ரேஞ்ச் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். அங்கே எந்நேரமும் நாலு பேர் நிற்பார்கள். அதைவிட, போனில் நீ என்னை முழுதாகப் பேச விடமாட்டாய். சனிக்கிழமை நீ கூப்பிட்டு, கொழுந்துப் படம் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, உன் அனிமேஷன் கம்பெனியில் எல்லோர் முன்னாலும் உன் பெயரைச் சொல்லிக் கை தட்டினார்கள் என்றாய். நான் சரிப்பா, சரிப்பா என்று மட்டும் சொன்னேன். சந்தோஷமே இல்லையாம்மா என்று கேட்டாய். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அன்று அடுப்பே மூட்டவில்லை.

எனக்குக் கோபம், பிரதீப். பாதி உன் மேல், பாதி என் மேல்.

இரண்டு மாதம் முன்பு நீ மூன்று மாதிரி அனுப்பினாய், நினைவிருக்கிறதா. மார்பில் கட்டி இருந்தால் ஊசியால் துளி எடுத்துச் சோதிப்பார்களே, அதைப் பற்றிய படம். எஸ்டேட் எஸ்டேட்டாக ஆஸ்பத்திரி கேம்ப் நடத்தப் போகிறது, எந்த மாதிரி வரைந்தால் நம் பெண்களுக்குப் புரியும் என்று காட்டிக் கேளுங்கள் என்றாய். மகனோடு பேசுகிற விஷயமா இது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. வரைகிற உனக்கே கூச்சமில்லை, எனக்கு என்ன வந்தது என்று பத்து மணித் தேநீர் வேளையில் காட்டினேன். ஒரு போனைச் சுற்றிப் பதினைந்து தலை.

முதல் மாதிரி அச்சு அசல் உடம்பு. தோல், சதை, நரம்பு எல்லாம் பளபளவென்று சுற்றியது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. செல்லக்கனி சோற்று டப்பாவை மூடி வைத்துவிட்டாள். தலையில்லாத பொம்பளைக்கு வைத்தியம் எதுக்கு என்று கேட்டாள். மூன்றாவதில் வெள்ளைத் தாள், கறுப்புப் பேனா. ஒரு கை வந்து கோடு கோடாக வரைந்துகொண்டே போனது. உன் மகன் கம்பெனியில் சாயம் தீர்ந்துபோச்சா என்று எல்லோரும் கேலி பண்ணினார்கள். உன் குருவம்மாள் சித்தி மட்டும் அதை இரண்டாம் முறை போடச் சொன்னாள். அந்தக் கை யாருடையது, நம்ம பிரதீப்போடதா என்று கேட்டாள். யாருக்குத் தெரியும் என்று சொல்லி நான் திரும்ப இரண்டாவதுக்கே தள்ளிவிட்டேன்.

இரண்டாவதுதான் கொழுந்துப் படம். அந்த யோசனையே என்னுடையது. உள்ளே இருப்பதை எப்படிக் காட்டுவது என்று நீ கேட்டபோது, நம்ம கொழுந்து மாதிரி போடேன், எல்லோருக்கும் விளங்கும் என்றேன். நீயும் போட்டாய். கன்னம் உப்பிய ஒரு பெண், அவள் நெஞ்சுக்குள்ளே பச்சைப் பசேலென்று தேயிலைக் காடு, ஒரு செடியில் மட்டும் கறுத்த முடிச்சு. ஊசி கூடையை மாட்டிக்கொண்டு, கண் மூக்கெல்லாம் வைத்துச் சிரித்தபடி வந்து அந்த முடிச்சில் ஒரு கொழுந்தைக் கிள்ளிப் போனது. பாட்டு வேறு. எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். இதுதான், இதுதான் என்று உனக்குச் சொல்லி அனுப்பினேன்.

கேம்ப் அன்று ஹாலில் பெரிய டிவியில் அதைத்தான் போட்டார்கள். என் மகன் செய்தது என்று நான் எழுந்து நின்றே சொன்னேன். பெருமைதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். படத்துக்கு முன்பே ஆஸ்பத்திரி சிஸ்டர் எல்லோரையும் திரைக்குப் பின்னால் அழைத்துப் பார்த்துச் சிலருக்குச் சீட்டு எழுதியிருந்தார். அதில் குருவம்மாள் பெயர் இருந்தது. செவ்வாய்க்கிழமை ஜீப் வரும், ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசிப் பரிசோதனை செய்துகொண்டு சாயங்காலம் திரும்பிவிடலாம். குருவம்மாள் முதலில் சரி என்றாள். நானும் கூடப் போவதாக இருந்தேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை சுடலைமணி ஜீப்பைக் கொண்டுவந்து ஆரன் அடித்து அடித்துப் பார்த்தான். சீட்டு வாங்கியவர்களில் இரண்டு பேர்தான் ஏறினார்கள். குருவம்மாளைத் தேடிப் போனால் ஓடையில் கம்பளி துவைத்துக்கொண்டிருக்கிறாள். என்னடி இது என்று கத்தினேன். அவள் நிமிரவே இல்லை. இருபத்திரண்டு வருசமா கிள்ளுதோம், கிள்ளுனா தழைக்கும்னு நமக்குத் தெரியாதாக்கும், ஒண்ணைக் கிள்ளுனா பத்து நாள்ல அந்த இடத்துல நாலு நிக்கும், உன் மவனே அப்படித்தானே வரைஞ்சு காட்டியிருக்கான் என்றாள்.

உண்மைதானே. கிள்ளக் கிள்ளத்தானே காடு தழைக்கிறது, அதற்குத்தானே நமக்குச் சம்பளம். பதினைந்து பேர் பார்த்துச் சிரித்தோம், ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. சிரிப்பு அடங்கி வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் ஒவ்வொருத்திக்கும் தோன்றியிருக்கிறது. உங்கள் ஆட்கள் கை தட்டினார்களே, அவர்களில் ஒருவராவது ஒரு கொழுந்து கிள்ளியிருப்பார்களா?

மறுநாள் சிஸ்டர் நம் லயத்து வீடுகளுக்கே வந்தார். ஊசியால் துளி எடுத்தால் கட்டி பெருகாது, அது என்ன கட்டி என்று தெரிந்துகொள்ள மட்டும்தான், தள்ளிப் போடுவதுதான் ஆபத்து என்று பொறுமையாகச் சொன்னார். அப்படியென்றால் ஏன் கொழுந்தாகக் காட்டினீர்கள் என்று குருவம்மாள் கேட்டாள். பாவம், சிஸ்டர் சீட்டில் பழைய தேதியை அடித்தார். வேறு தேதி வாங்கித் தந்திருக்கிறார், வருகிற ஐந்தாம் தேதி. இன்னும் பதிமூன்று நாள்.

அன்றிலிருந்து எனக்கு நிலை கொள்ளவில்லை. சோற்றை வடிக்க மறந்து குழைத்துவிடுகிறேன். தேயிலை நிரையில் கை தானாகக் கிள்ளுகிறது, கிள்ளிய இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சூப்பர்வைசர் இரண்டு தடவை சத்தம் போட்டுவிட்டார்.

நேற்று இலை நிறுக்கிற இடத்தில் ஒன்று கண்ணில் பட்டது. சாக்கை எடை போட்டவுடன் ஆபீசர் உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார், கொழுந்து எவ்வளவு, முற்றல் எவ்வளவு என்று விரித்துப் பார்ப்பார். நீயும் சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். அந்த ஒரு பிடியால் சாக்கு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான். குருவம்மாளிடம் சொன்னேன். நீ சொல்லுறது காதோட போவுது, அவன் காட்டுனது கண்ணுலயே நிக்குதே என்றாள்.

அதனால்தான் கேட்கிறேன். நீ காட்டியதை நீதான் அழிக்க வேண்டும். அந்த மூன்றாவது மாதிரியில், வெள்ளைத் தாளில், கறுப்புப் பேனாவில் ஒரு நிமிடப் படம் செய்து அனுப்பு. ஒரு பெண்ணும் சாக்கும் ஒரு பிடி இலையும் போதும். பாட்டு வேண்டாம், சிரிக்கிற ஊசி வேண்டாம். வரைகிற கை உன் கையாகவே இருக்கட்டும். வலது கட்டைவிரலில் அரிவாள் பட்ட தழும்பு தெரியும்படி வரை, குருவம்மாள் அதைப் பார்த்தாலே அடையாளம் கண்டுகொள்வாள். அன்று கட்டுப் போட்டுவிட்டவள் அவள்தானே.

இன்னொன்று, இதுதான் உனக்குக் கஷ்டம். அடுத்த கேம்ப் பள்ளிவாசல் எஸ்டேட்டில், அதற்கடுத்தது மறையூரில் என்கிறார்கள். அங்கேயும் கொழுந்துப் படத்தைப் போட்டுவிடக் கூடாது. தப்பு என்று உன் கம்பெனியில் நீயே சொல்ல வேண்டும். கை தட்டியவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும். முகம் சுளிப்பார்கள், உன் பெயர் கொஞ்சம் இறங்கும். என் அம்மாதான் தப்பாகச் சொன்னாள் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள். எனக்கு ஒன்றுமில்லை.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய் வாசலில் நின்றேன். திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

சிஸ்டர் நம் லயத்துக்கு எழுதியது ஒரு சீட்டு இல்லை, இரண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை ஜீப்பில் நானும் ஏறவில்லை. குருவம்மாளுக்குத் துணைக்குத்தான் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஐந்தாம் தேதிக்கும் அதையேதான் சொல்வேன், நீயும் வேறு எதுவும் சொல்லிவிடாதே. சிஸ்டர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் கண்ணை மூடினால் அந்தக் கறுத்த முடிச்சு தழைத்துக்கொண்டே போகிறது.

சுடலைமணி மூணாறு போகிறான், தபாலில் போட அவனிடம் கொடுத்துவிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. நீ எடுத்த தொழிலில் யாருக்கும் தீங்கு வராமல், உனக்கு நல்ல பெயர் நிலைத்து நிற்கட்டும். நீ வரைந்து அனுப்பினால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறுவோம்.

இந்தத் தடவை படத்தில் வருகிற பெண்ணுக்குத் தலையை விட்டுவிடாதேப்பா. ஒரு முகம் போடு. யாருடைய முகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் அம்மா,
ராமலட்சுமி.